நீயே போடும்மா

என் மகளுக்குப் போன வாரம் ஒன்பது மாதம் முடிந்தது. ஒன்பது மாத ஊசி என்று ஒருமையில் சொல்கிறோமே தவிர அது ஒரு ஊசி அல்ல. தட்டம்மை-ரூபெல்லா, நிமோனியா ஊசியின் மூன்றாம் தவணை, போலியோ ஊசி, எங்கள் விழுப்புரம் பக்கம் என்பதால் மூளைக்காய்ச்சல் ஊசி, கூடவே ஒரு சின்னக் கரண்டி வைட்டமின் ஏ. இதை எங்கே கொண்டு போய்ப் போடுவது என்று எங்கள் வீட்டில் மூன்று நாள் பேச்சு.

ஊர்க்காரர்களுக்கு இது பேச்சே இல்லை. மாரியம்மன் கோயில் பக்கத்தில் இருக்கிற பால்வாடியில் மாதம் ஒரு புதன்கிழமை நர்ஸம்மா வருவார், தூக்கிக்கொண்டு போவார்கள், போட்டுக்கொண்டு வருவார்கள். நாங்கள் காலனி. எங்களுக்கும் அதே பால்வாடிதான், அதே புதன்கிழமைதான். இதைத் தவிர ஐந்து கிலோமீட்டரில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. இருபத்திரண்டு கிலோமீட்டரில் டவுன், டவுனில் ஒரு குழந்தை டாக்டர். என் மூத்தவனுக்கு முக்கால்வாசி ஊசியை அவரிடம்தான் போட்டோம். ஏன் அங்கே போனோம் என்பதை இதுவரை நான் எழுதியதில்லை. எழுதாமல் இருந்ததற்கு வெட்கம் ஒரு காரணம்.

மூத்தவனுக்கு இப்போது ஆறு வயது. ஒன்றரை மாத ஊசிக்கு அவனைப் பால்வாடிக்குத் தூக்கிப்போனது நானும் என் இணையரும். ஊர்ப் பெண்கள் ஆறேழு பேர் உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் மூன்று பேர் வெளியே புங்கமரத்தடியில் நின்றிருந்தார்கள். யாரும் அவர்களை வெளியே நிற்கச் சொல்லவில்லை. அவர்களே போய் நின்றார்கள். நாங்களும் போய் நின்றோம். இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, காலுக்கே தெரியும்.

எங்கள் முறை வந்தது. எடை பார்க்க வேண்டும். உள்ளே இருந்த ஊர்க் குழந்தைகளை நர்ஸம்மா இரண்டு கையாலும் வாங்கி, கொஞ்சி, எடை மெஷினில் கிடத்தியதை நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். என் மகனைக் கொண்டுபோனதும் ஓரடி நகர்ந்துகொண்டார். "நீயே போடும்மா" என்றார் என் இணையரிடம். போட்டார். எண்ணைக் குறித்துக்கொண்டார். "எடுத்துக்கம்மா" என்றார். எடுத்துக்கொண்டார். ஊசி போடும்போது தொடையைப் பிடிக்காமல் முடியாதல்லவா, பஞ்சோடு இரண்டு விரல். குரலில் கடுமை கிடையாது. 'அம்மா' போட்டுத்தான் பேசினார்.

அவ்வளவுதான் நடந்தது. எங்களுக்குப் பின்னால் வந்த எங்கள் தெருக் குழந்தைகள் இரண்டுக்கும் அதே "நீயே போடும்மா".

அந்த நர்ஸம்மாவைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். என் இணையருக்கு ஏழாம் மாதத்தில் இரத்தம் குறைவாக இருந்ததைக் கண்டுபிடித்து, விடாமல் விரட்டி, இரும்புச்சத்து டிரிப் ஏற்ற அனுப்பியவர் அவர்தான். கொரோனா காலத்தில் எங்கள் தெருவுக்குள் வெயிலில் நடந்து வந்து மாத்திரை கொடுத்தவரும் அவர்தான். ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசாங்கக் கணக்கு. அந்த ஐயாயிரம் பேரின் பிரசவம், ஊசி, பதிவேடு எல்லாம் அந்த ஒரு அம்மாவின் தலையில். உழைப்பில் குறை சொல்ல முடியாது. என் பிள்ளையை மட்டும் தூக்கமாட்டார்.

என் வேலையே மனு எழுதுவது. சுடுகாட்டுப் பாதைக்கு எழுதியிருக்கிறேன், டீக்கடை டம்ளருக்கு எழுதியிருக்கிறேன், பட்டா இடத்துக்கு, ரேஷன் கடைக்கு எழுதியிருக்கிறேன். சட்டமும் எனக்குத் தெரியும். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் 5ஆவது பிரிவு மருத்துவமனைக்கானது. உள்ளே விட மறுத்தால் மட்டுமல்ல, உள்ளே விட்ட பிறகு பாகுபாடு காட்டினாலும் குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் ஆரம்ப சுகாதார நிலையம் என்ற பெயரையே போட்டு, உள்ளே நுழையவிடாமல் தடுப்பதைக் குற்றம் ஆக்கியிருக்கிறது. சரி, எனக்கு நடந்ததை மனுவில் எப்படி எழுதுவது? 'மேற்படி செவிலியர் என் மகனை எடை மெஷினில் தூக்கிப் போடாமல், என் இணையரையே தூக்கிப் போடும்படி அன்புடன் கேட்டுக்கொண்டார்' என்றா? எந்த வட்டாட்சியர் இதைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் இருப்பார்?

அன்று இரவு பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இணையர் சொன்னார்: "நீங்க மனு எழுதுங்க. புள்ளைய நான் டவுனுக்குத் தூக்கிட்டுப் போறேன்."

மனுவும் எழுதவில்லை. அடுத்த தவணைக்கு டவுனுக்குத்தான் போனோம்.

என் அம்மாவுக்கு இது புரியவில்லை. "ஏண்டா, ஊசி போட்டாளா இல்லையா? போட்டா இல்ல? அப்புறம் என்னா?" என்றார். அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது பெரிய ஊரில் ஒரு கம்பவுண்டர் இருந்தாராம். மாத்திரையைக் காகிதத்தில் மடித்து, கைக்கும் கைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு மேலிருந்து போடுவாராம். தவறி மண்ணில் விழுந்தால் பொறுக்கி ஊதிவிட்டு விழுங்க வேண்டியதுதான். அங்கிருந்து பார்த்தால் பஞ்சோடு இரண்டு விரல் என்பது அம்மாவுக்குப் பெரிய முன்னேற்றம். அவர் அளவுகோல் அது, என்னால் அதைக் குறை சொல்ல முடியவில்லை.

அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று நாம் தமிழில் படிக்கிற சின்ன நூலில் ஒரு சம்பவத்தை எடுத்து வைத்திருக்கிறார். 1929 டிசம்பரில் 'யங் இந்தியா' இதழில் வந்த கடிதம் அது. கத்தியவார் பகுதியில் ஒரு தலித் ஆசிரியரின் மனைவிக்குப் பிரசவம் ஆகி இரண்டு நாளில் உடம்பு மோசமாகிறது. மருத்துவர் சேரிக்குள் வரமாட்டேன் என்கிறார். ஊர்ப் பெரியவரைப் பிடித்து, இரண்டு ரூபாய் பீஸுக்கு அவரை உத்தரவாதம் சொல்ல வைத்து, பச்சை உடம்புக்காரியைக் குழந்தையோடு சேரிக்கு வெளியே கொண்டுவந்து காட்டுகிறார்கள். மருத்துவர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம் கொடுக்கிறார். கணவர் மனைவியிடம் கொடுக்கிறார். அதே வழியில் அது திரும்பி வருகிறது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நிமோனியா என்கிறார். அந்தப் பெண் இறந்துபோகிறார். முதலில் படித்தபோது எனக்குப் பதினெட்டு வயது. இதெல்லாம் அந்தக் காலம் என்று நினைத்தேன். எடை மெஷின் முன்னால் நின்றபோது அந்தத் தெர்மாமீட்டர்தான் கண்ணுக்குள் வந்தது. (கொரோனாவில் நெற்றிக்கு நேராகக் காட்டுகிற துப்பாக்கி தெர்மாமீட்டர் வந்தது பாருங்கள், அந்தக் கத்தியவார் மருத்துவருக்கு அது கிடைத்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்.)

நம் காலத்திலும் ஆய்வு உண்டு. சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளுக்கு மருத்துவ வசதி எப்படிக் கிடைக்கிறது என்று ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார். தொடாமல் இருப்பது, மருந்தைக் கையில் கொடுக்காமல் இருப்பது, வீட்டுக்குள் வராமல் இருப்பது என்று அவர் எழுதியிருக்கிற எதையும் என் அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டவுன் டாக்டருக்கு வருவோம். அவர் என் மகனைத் தூக்கினார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கன்னத்தைக் கிள்ளினார். என் இணையர் அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது பேசிய பேச்சு முழுக்க அதுதான். பீஸ் முந்நூறு ரூபாய். 'வலியில்லா ஊசி' என்று ஒன்று, நிமோனியா ஊசி, சொட்டு மருந்து எல்லாம் சேர்த்து ஒரே நாளில் ஏழாயிரத்துச் சொச்சம். மகளிர் குழுவில் கடன் வாங்கித்தான் கட்டினோம். சும்மா சளிக்குப் போனாலும் ஐந்து மருந்து எழுதுவார், அதில் ஒன்று கட்டாயம் ஆன்டிபயாட்டிக்.

அங்கே யாரும் சாதி பார்க்கவில்லையா? பார்க்கவில்லை. தெரியாததால் பார்க்கவில்லை. முதல் நாள் சீட்டு எழுதிய பெண் "எந்த ஊரு?" என்றாள். சொன்னேன். "அங்க எங்க, பஸ் ஸ்டாண்டு பக்கமா, ஏரி தாண்டி உள்ளயா?" என்றாள். ஏரி தாண்டி என்றால் நாங்கள்தான். நான் "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்றேன்.

என் இணையர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணுக்கு அங்கே சித்தி வீடு இருந்திருக்கலாம், அதற்காகக்கூடக் கேட்டிருக்கலாம். ஆனால் எத்தனை மேடையில் 'எங்கள் தெருவின் பெயரைச் சொல்லத் தயங்காதே' என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்! இரண்டு வருஷம் அந்த ஆஸ்பத்திரிச் சீட்டில் என் முகவரி பொய்யாகவே இருந்தது. முந்நூறு ரூபாய் பீஸில் இதுவும் சேர்த்தி.

இந்த முறை மகளுக்கு ஊசிப் பேச்சு வந்தபோது எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவள் பையனுக்குப் பதினோரு மாதம், ஒன்பது மாத ஊசி போடவில்லை. முந்தைய தவணையில் தொடை வீங்கி இரண்டு நாள் காய்ச்சல். அதைச் சொல்லப் போனால் நர்ஸம்மா எரிந்து விழுந்தாராம். அதற்கப்புறம் ஒரு புதன் வயல் வேலை, ஒரு புதன் மழை, அப்படியே போய்விட்டது. அவள் கேட்டாள்: "அண்ணே, டவுன்ல உங்க புள்ளைக்குப் போட்ட ஊசியும் இங்க எங்க புள்ளைக்குப் போடற ஊசியும் ஒண்ணா?"

வாராவாரம் இரவுப் பாடசாலையில் 'அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அது நம் வரிப்பணம், நம் உரிமை' என்று இவளிடமும்தான் பேசிக்கொண்டிருந்தேன். என் பிள்ளை டவுனில் ஊசி போடுகிறது என்பது தெருவுக்கே தெரியும்.

பதில் தெரியாமல் ஒரு மருத்துவத் தோழருக்குப் போன் செய்தேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். வலியில்லா ஊசி என்பது கக்குவான் இருமல் கிருமியின் சில பகுதிகளை மட்டும் வைத்துச் செய்தது, அதனால் வீக்கமும் காய்ச்சலும் குறைவு. அரசு போடுவது முழுக் கிருமியைக் கொன்று செய்தது. காய்ச்சல் கொஞ்சம் வரும், ஆனால் பாதுகாப்பு அதிக நாள் நிற்கும். காசு கொடுத்து நாங்கள் வாங்கியது வலி குறைவு, பாதுகாப்பு கூடுதல் அல்ல. நிமோனியா ஊசி விஷயம் வேறு. என் மகன் பிறந்தபோது தமிழ்நாட்டில் அது அரசு ஊசிப் பட்டியலில் இல்லை, 2021இல்தான் வந்தது. அதற்கு முன் காசு இருந்தவன் பிள்ளைக்கு நிமோனியா தடுப்பு, இல்லாதவன் பிள்ளைக்குக் கிடையாது. இப்போது எல்லோருக்கும் உண்டு.

ஊசி கெட்டுப்போகாமல் இருக்க இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கென்றே தனிக் குளிர்பெட்டி, காலையும் மாலையும் டிகிரி எழுதிவைக்கிற நோட்டு உண்டு. குப்பியின் மேல் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் நல்ல ஊசி, வட்டத்தின் நிறத்துக்குக் கருத்துவிட்டால் போடக் கூடாது. தட்டம்மை ஊசியைக் கரைத்த நேரத்தைக் குப்பியில் எழுத வேண்டும், நாலு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. இதையெல்லாம் கேட்கும் உரிமை பெற்றவர்களுக்கு உண்டு என்றார் தோழர். தங்கச்சியிடம் சொன்னேன். தரையில் கரித்துண்டால் வட்டமும் சதுரமும் போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

எங்கே போடுவது என்ற கேள்வி அப்படியே இருந்தது. பக்கத்தில் பால்வாடியில் போட்டால் 'நீயே போடும்மா'. தூரம் போனால் கூலி போகும். தூரம் என்பது லேசான விஷயம் இல்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பிறகு நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் அரசு கிராமங்களில் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கிற இடங்களுக்கு மாற்றியது. எச்சரிக்கைதான், தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2005-06இல் தமிழ்நாட்டில் எல்லா ஊசியும் முழுதாகப் போட்ட குழந்தைகள் நூற்றுக்கு 81. 2015-16இல் 70. அது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஐந்து கிலோமீட்டர் என்றால் என்ன என்று எங்கள் தெருவுக்குத் தெரியும். மறுபடி கிராமங்களில் போட ஆரம்பித்த பிறகு, 2019-21 கணக்கெடுப்பில் 89. மீதி 11 குழந்தைகள் எந்தத் தெருவில் இருக்கின்றன என்பதுதான் என் கேள்வி. பக்கத்து வீட்டில் ஒன்று இருந்தது.

நானும் வேங்கைவயலை நினைத்துக்கொண்டேன். 2022 டிசம்பரில் அங்கே தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தது எப்படி வெளியே வந்தது? பிள்ளைகளுக்குக் காய்ச்சல், வாந்தி, பேதி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். குடிக்கிற தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்னதால்தான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு என்ன வருகிறது என்பதைத் தெரு அறிந்த ஒரு அரசு மருத்துவமனை கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி, பொய் முகவரிச் சீட்டில் சளிக்கு மருந்து எழுதுகிறவரால் அது முடியாது.

புதன்கிழமை காலை ஒரு ஷேர் ஆட்டோ பேசினோம். எங்கள் தெருப் பெண்கள் ஆறு பேர், குழந்தைகள் ஆறு, என் இணையர், நான் ஓட்டுநர் பக்கத்தில். ஆளுக்கு நாற்பது ரூபாய். தங்கச்சி கடைசி நிமிஷம்வரை வரமாட்டேன் என்றாள், அப்புறம் ஈரத்தலையோடு ஓடிவந்து ஏறினாள்.

ஆரம்ப சுகாதார நிலைய வாசலிலேயே உதவியாளர் அம்மா ஒருவர், "என்னா காலனிக்காரங்க எல்லாம் ஒண்ணா வந்துட்டீங்க, அந்தப் பக்கம் இருங்க" என்றார். வாசலை அடைத்துக்கொண்டு நின்றோம் என்பதும் உண்மைதான். பெண்கள் கால் தானாக அந்தப் பக்கம் நகர்ந்தது. என் இணையர் நகரவில்லை. "டோக்கன் நம்பர் பிரகாரம் கூப்பிடுங்கம்மா, நாங்க பெஞ்சியில உட்கார்றோம்" என்று சொல்லிவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் ஒரு பேச்சுத் தயார் செய்து வைத்திருந்தேன், சட்டப் பிரிவோடு. தேவைப்படவில்லை. ஊர்க்கார அம்மா ஒருவர் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். ஒதுங்கினாரா, இடம்தான் கொடுத்தாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

உள்ளே இருந்த நர்ஸ் சின்ன வயசு, பேச்சில் திருநெல்வேலி வாசம். கார்டை வாங்கி, "எந்த சப் சென்டர், எந்தத் தெரு?" என்றார். அது அவர் கேட்டே ஆக வேண்டிய கேள்வி, பதிவேட்டில் எழுத வேண்டும். காலனியின் பெயரை, அதில் இருக்கும் அம்பேத்கர் பெயரோடு சேர்த்துச் சொன்னேன். தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, நிமிர்ந்து பார்த்தார். எழுதிக்கொண்டார்.

நான் ஊசியைப் பார்க்கவில்லை, அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "வாட்டி தங்கம்" என்று என் மகளை வாங்கி எடை மெஷினில் கிடத்தினார். ஏழு கிலோ எண்ணூறு. தூக்கும்போது அவள் அவர் புடவையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். "ஏட்டி!" என்று சிரித்துவிட்டு ஓரத்தைப் பிழிந்துகொண்டார். தங்கச்சி முறை வந்தபோது அவள், "சிஸ்டர், அந்தக் குப்பிய ஒருவாட்டி காட்டுங்க" என்றாள். நர்ஸ் ஒரு நொடி முறைத்தார். பிறகு காட்டினார். கரைத்த நேரம் பேனாவால் எழுதியிருந்தது, பத்து ஐந்து. தங்கச்சி சதுரத்தைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்துவிட்டு, "போடுங்க" என்றாள்.

ராத்திரி பதினொரு மணிக்கு எங்கள் கதவைத் தட்டினாள். பையனுக்கு உடம்பு சுடுகிறது. என் மகளுக்கும் சுட்டுக்கொண்டுதான் இருந்தது. நர்ஸ் எழுதிக்கொடுத்த அளவைப் பார்த்து இரண்டு பிள்ளைகளுக்கும் காய்ச்சல் மருந்து கொடுத்தோம். விடியும்போது இரண்டும் இறங்கிவிட்டது. அடுத்த தவணை பதினாறாம் மாதம்.

மாதா மாதம் ஆட்டோ பேச முடியாது. வட்டார மருத்துவ அலுவலருக்கு இப்போது ஒரு மனு கொடுத்திருக்கிறோம். பால்வாடியில் ஒரு மாதம், எங்கள் தெருச் சமுதாயக் கூடத்தில் ஒரு மாதம் என்று மாற்றி மாற்றி ஊசி போட வேண்டும், ஊர்க் குழந்தைகளும் அந்த மாதம் இங்கே வர வேண்டும் என்று. முதல் கையெழுத்து தங்கச்சி. எடை மெஷின் விஷயத்தையும், நடந்ததை நடந்தபடி, இரண்டு வரி எழுதிச் சேர்த்திருக்கிறேன். யார் சிரித்தாலும் சரி. அதிகாரி வாங்கிப் படித்துவிட்டு, "ஊர்க்காரங்க வருவாங்களா?" என்றார். எங்களுக்கும் தெரியாது என்றோம். "இடம் சுத்தமா இருக்கணும், மேசை நாற்காலி, கை கழுவத் தண்ணி, நிழல் வேணும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை கூடத்தைக் கழுவி வெள்ளையடித்தோம். தண்ணீர்க் குழாய் வாசலிலேயே இருக்கிறது. நாற்காலி நாலு கிடைத்துவிட்டது, மேசை எங்கள் வீட்டு மேசை.